நான்கு நிமிடம் நின்ற ஆறு பீரங்கிகள்

எங்கள் ரெஜிமெண்டின் வரலாறு ஒரு பட்டுக்கடை வாசலில்தான் என் கைக்கு வந்து சேர்ந்தது. முகூர்த்தச் சேலை எடுக்க வந்த கூட்டம் காந்தி ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. வேனிலிருந்து இறங்கிய இரண்டு சம்பந்தி வீட்டாரும் நடுத்தெருவில் நின்று, நீங்கள் முதலில் போங்கள், இல்லை நீங்கள் போங்கள் என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். வாயில் விசிலை வைத்துக்கொண்டு நான் அல்லாடிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

சுபேதாராக ஓய்வு பெற்றவன் கார் நிறுத்திக் கொடுக்கிற வேலைக்குப் போவதா என்று என் மனைவி கேட்காத நாளில்லை. வீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் நிற்காது. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடப்பேன், காலண்டர் கோணலாக இருந்தால் நேராக்குவேன், அவள் அடுக்கிய பாத்திரத்தை உயரம் பார்த்து மறுபடி அடுக்குவேன். மூன்றாவது மாதம் அவளே, "எங்கனா போய் நில்லு சாமி" என்று கும்பிட்டாள். அப்படித்தான் இந்தக் கடைவாசல் கிடைத்தது. ரிவர்ஸில் பின்னால் வரும் கார்களைப் பார்த்து ஒரு நாளைக்கு நூறு முறையாவது "ஸ்டாப்" என்று கத்துகிறேன். ஒவ்வொரு முறையும், கத்தியது நான்தானா என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்துக்கொள்வேன். அது ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

வந்திருந்தது இருநூறு பக்கக் கோப்பு. ரெஜிமெண்டில் இப்போது இருக்கும் இளம் கேப்டன் ஒருவர் அனுப்பியிருந்தார். ஆண்டுவிழாவுக்காக, ரெஜிமெண்ட் உருவான நாளிலிருந்து இன்றுவரை போரிலும் அமைதியிலும் அது கடந்து வந்ததையெல்லாம் புத்தகமாகப் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் நடுவே உட்கார்ந்து படித்தேன். அமைதிக் காலம் என்ற அத்தியாயம் எட்டே பக்கம். படித்ததும் எரிச்சல் வந்தது. இருபத்தெட்டு வருடச் சேவையில் நான் போரில் இருந்தது சில வாரங்கள்தான். மிச்சமெல்லாம் இந்த எட்டுப் பக்கத்துக்குள் அடங்கிவிடுமா? ‘ரெஜிமெண்ட் பாலைவனத்துக்கு இடம் மாறியது’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். பீரங்கிகளைத் திறந்த ரயில் பெட்டிகளில் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டி, ஐந்து நாள் உருண்டுபோன அந்தப் பயணத்தை எழுதியவருக்குத் தெரியாது போலிருக்கிறது. அதே ரயிலில் எங்கள் பெண்டாட்டிமாரின் கிரைண்டர்களும் வந்தன. நடு இந்தியாவில் ஒரு ஸ்டேஷனில் வண்டி அரை நாள் நின்றபோது, மாவு புளித்துவிடுமே என்று பிளாட்பாரத்திலேயே அடுப்பு மூட்டி, இரண்டு பெட்டி ஆட்களுக்கு இட்லி வைத்தவர்கள் அவர்கள்.

ஆயுத பூஜையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மற்ற ரெஜிமெண்டுகளுக்குக் கொடி எப்படியோ, எங்களுக்குப் பீரங்கிதான் கொடி. அதைத் தாண்டக் கூடாது, அதன் மேல் துணி உலர்த்தக் கூடாது. பூஜையன்று குழாய்க்குச் சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். பஞ்சாபிலிருந்து வந்த கர்னல் ஒருவர் முதல் வருடம் விழித்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் தானே முன்வந்து பூசணிக்காய் உடைத்தார். அதையெல்லாம் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டே போர் அத்தியாயத்துக்கு வந்தேன்.

நூற்றிப் பதினெட்டாம் பக்கம். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்த வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘ஒரு சிப்பாய் காரணமின்றி எழுப்பிய குரலால் நம் பீரங்கிகள் நான்கு நிமிடம் மௌனமாயின, ஆயினும் உடனே சுதாரித்துக்கொண்டு இலக்கைத் துல்லியமாகத் தாக்கின.’

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

பீரங்கிப் படையில் ஒரு வழக்கம் உண்டு. சுடுகிற நேரத்தில் யார் கண்ணிலாவது ஏதாவது தப்பு பட்டால், அவன் சமையல்காரனாக இருந்தாலும் சரி, கர்னலாக இருந்தாலும் சரி, ‘ஸ்டாப்’ என்று கத்தலாம். கத்தினால் அத்தனை பீரங்கியும் நின்றாக வேண்டும். யார் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்க வேண்டும். அதிகாரி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை எதையும் தொடக் கூடாது. கத்தியவன் சொன்னது தவறாகிப்போனாலும் அவனைத் தண்டிக்கக் கூடாது. பயந்துகொண்டு வாயை மூடிக்கொள்கிறவனால் நம் குண்டு நம் ஆட்கள் தலையிலேயே விழும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது.

மலையில் நடந்த அந்தப் போரில் நான் மூன்றாம் பீரங்கியில் லேயர். குறி வைக்கிறவன் என்று அர்த்தம். குறி பார்க்கும் கருவியில் இரண்டு வளையம் இருக்கும். பெரியதில் நூறு நூறாக எண் இருக்கும், சின்னதில் ஒன்று ஒன்றாக. ரேடியோவில் வரும் எண்ணை இரண்டிலும் வைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றிக் குழாயைத் திருப்ப வேண்டும். அவசரத்தில் சின்ன வளையத்தைச் சரியாக வைத்துவிட்டுப் பெரியதில் ஒரு கட்டம் தள்ளி வைத்துவிடுவது பீரங்கிக்காரர்களுக்கே உரிய தப்பு. பயிற்சியில் முதல் நாளே அதற்கு அடி விழும். ஒரு கட்டம் தள்ளினால் குண்டு அங்கே ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும்.

அன்று பகல் முழுக்கச் சுட்டுக்கொண்டே இருந்தோம். காது அடைத்துப் போயிருந்தது. மேலே முகட்டில் நம் காலாட்படை ஏறிக்கொண்டிருந்தது. புது எண் வந்தது. வைத்தேன், திருப்பினேன், "ரெடி" என்று கையைத் தூக்கினேன். அப்போதுதான் பக்கத்துப் பீரங்கிக்குக் குண்டு தூக்கிக்கொண்டிருந்தவன் "ஸ்டாப்" என்று கத்தினான்.

அவன் வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பம். நானும் அவனும் ஒரே நாளில், ஒரே வரிசையில், பனியனைக் கழற்றி மார்பளவு கொடுத்து ஆள் சேர்ப்பில் தேறியவர்கள். பயிற்சி மையத்தில் ஒரே கட்டிலின் கீழ் அடுக்கு எனக்கு, மேல் அடுக்கு அவனுக்கு. லீவுக்கு ஒன்றாக வருவோம், ஒன்றாகத் திரும்புவோம்.

அவன் கத்தியதும் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பீரங்கியின் ஹவில்தார் அதிகாரியை நோக்கி ஓடினார். நான் மட்டும் கருவியைப் பார்த்தேன். பெரிய வளையம் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளியிருந்தது. அந்தப் பக்கத்துச் சரிவில் இருந்தது நம் காலாட்படையின் இன்னொரு கம்பெனி. தொடக் கூடாது என்று தெரியும். என் கை தொட்டுவிட்டது. வளையத்தைத் திருப்பி, சக்கரத்தை எட்டோ ஒன்பதோ சுற்றுச் சுற்றி, குழாயை மற்ற ஐந்தோடு சேர்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் கையைத் தொடையில் வைத்துக்கொண்டேன். தூசியில் யாரும் கவனிக்கவில்லை.

அதிகாரி ஆறு பீரங்கியையும் பார்த்தார். ஆறும் சரியாக இருந்தன. "எதைப் பார்த்தாய்?" என்று அவனைக் கேட்டார். "மூணாவது, வேற மாதிரி நின்னுச்சு சார்" என்றான். திரும்பிப் பார்த்தான். மூன்றாவது சரியாகத்தான் நின்றது. அதைப் பார்த்து அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதை நான் பார்த்தேன். அந்த நான்கு நிமிடத்தில் மேலே காலாட்படையில் இரண்டு பேருக்குக் காயம்பட்டது என்று பிறகு செய்தி வந்தது.

தண்டிக்கவில்லை, வழக்கப்படி. சிரித்தார்கள். போர் முடிந்து சமவெளிக்கு இறங்கிய பிறகு அவனுக்கு ஸ்டாப் என்றே பெயராகிப்போனது. வாலிபால் ஆடும்போது அவனிடம் பந்து போனால் பத்துப் பேர் "ஸ்டாப்" என்பார்கள். கொஞ்ச நாளில் அவனைப் பீரங்கிப் பக்கம் விடாமல் ஸ்டோரில் போர்வை எண்ண வைத்தார்கள். எங்கள் பீரங்கிக்கோ அன்றைய துல்லியத்துக்காகப் பாராட்டு அட்டை கிடைத்தது. அடுத்தடுத்துப் பதவி உயர்வும் வந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று ஜீப்பில் உட்கார வைத்து, வடம் கட்டி, கேட் வரை இழுத்துப் போனார்கள். அதற்குப் பல வருடம் முன்பே அவன் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டிருந்தான். அன்று நான் வேண்டுமென்றே கேம்பில் இல்லை.

என் வீட்டிலிருந்து அவன் ஊர் அரை மணி நேர பஸ் பயணம். ஊருக்கு வந்து ஏழு வருடமாக ஒருமுறையும் போகவில்லை.

மூன்றாம் நாள் கேப்டனுக்குப் போன் செய்தேன். முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வரி ஒருவர் மனதைப் புண்படுத்தும் என்று மட்டும் இந்தியில் சுற்றி வளைத்தேன். அவர் தங்கமான பிள்ளை. "ஒரு வரிதானே சுபேதார் சாப், எடுத்துவிடலாம்" என்றார். எவ்வளவு லேசாகிவிட்டது எனக்கு! அன்று மாலை மனைவியோடு ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்ப் பிராகாரம் சுற்றினேன். இவ்வளவு நிதானமாக நடக்கிறாயே, உடம்பு சரியில்லையா என்று அவள் கேட்டாள்.

அந்த நிம்மதி மறுநாள் காலை வரைதான். எங்கள் ரெஜிமெண்டின் பழைய ஆட்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். யாரோ அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். கீழே ஒருவன், "நம்ம ஸ்டாப் வரலாற்றுல ஏறிட்டாம்பா" என்று எழுதியிருந்தான். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எல்லாம் கெட்ட மனுஷர்கள் இல்லை, அந்தச் சிரிப்பு அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. பத்து நிமிடம் கழித்து, வாலாஜாபாத்காரனான அவன் குழுவை விட்டு வெளியேறினான் என்று ஒரு வரி வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரியை எடுத்தால் புத்தகம் சுத்தமாகிவிடும். அவன் ஸ்டாப்பாகவே இருப்பான். கடை வாசலில் ஒரு கார் பின்னால் வந்தபோது கத்தாமல் நின்றுவிட்டேன். அது தூணில் இடித்தது. முதலாளி ஒருமாதிரி பார்த்தார். வீட்டில் உப்பில்லை, காரமில்லை என்று எரிந்து விழுந்தேன். ராஜ வீதிகள் நாலையும் சுற்றிச் சுற்றி நடந்தேன். தெரு ஓரத்து வீடுகளில் தறி ஓடுகிற சத்தம்கூட என்னைத் திட்டுவது போலிருந்தது. வாலாஜாபாத் பஸ் வரை போய்ப் படியில் காலை வைத்து இறங்கியதும் இரண்டு முறை நடந்தது. எனக்குப் பயம். அதைச் சொல்வதில் வெட்கமில்லை. பாராட்டு அட்டை, ஜீப், சுபேதார் சாப் என்ற பெயர் எல்லாம் கைச்சக்கரத்தின் அந்த எட்டுச் சுற்றில்தான் நின்றுகொண்டிருந்தன.

பத்தாம் நாள் காலை, கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அவன் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெடித்துப்போன தண்ணீர்க் குழாயில் ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"என்னாப்பா, வழி தெரிஞ்சிதா?"

கட்டிலைக் காட்டினான். நான் உட்காரவில்லை.

"அந்தப் பொஸ்தகம்..." என்று ஆரம்பித்தேன்.

"படிச்சேன். சரியாத்தான போட்டுக்கிறாங்க? நான் கத்தினேன், ஒண்ணுமில்லாம போச்சு. ரெண்டு பேருக்கு அடிபட்டுது. வேற இன்னா எழுதுவாங்க?" என்று ரப்பரை இழுத்துக் கட்டினான். "குரூப்புல இருந்துக்கினு அத்த தெனம் பாக்கணுமான்னு வந்துட்டேன். அவ்ளோதான். நீ அதுக்கா வந்த?"

"ஒண்ணுமில்லாம போகல" என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வளையத்தை, சக்கரத்தை, தொடையில் வைத்துக்கொண்ட கையை, அவன் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்ததை. என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் குழாயைக் கீழே வைத்தான். "எந்தப் பக்கம் தள்ளி இருந்துது?"

"வலது பக்கம். ஒரு கட்டம்."

"வலது பக்கம்" என்றான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இடது கையை நேராக வைத்து வலது கையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தான். "இப்பிடித்தான் நின்னுச்சு. அப்போ நான் பாத்தது சரிதான்."

"சரிதான்பா."

கோழி ஒன்று குழாயருகே வந்து தேங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனது. பிறகு, என்னைப் பார்க்காமல், ரைஸ் மில்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஊருக்கு வந்த புதிதில் ஒரு மில்லில் மெஷின் பார்க்கிற வேலையில் இருந்தானாம். அங்கே நெல் அள்ளிப் போடும் பெண் ஒருத்தி, பக்கத்துத் தெருக்காரி.

"ஒரு நாள் அந்தப் பொண்ணு குனிஞ்சி அள்ளிக்கினு இருக்குது. பெல்ட்டு பக்கத்துல கை போவுது. நான் பாத்துட்டேன். கத்தறதுக்கு வாயத் தொறந்தேன்." நிறுத்தினான். "அன்னிக்கி மாதிரி இதுவும் இல்லாத ஒண்ணா இருந்துட்டா? மில்லு நின்னுடும், எல்லாரும் சிரிப்பாங்க. என் கண்ணு பொய் சொல்ற கண்ணாச்சே. அப்பிடின்னு ஒரே ஒரு நொடி நின்னேன். மூணு வெரலு போச்சு அதுக்கு."

கட்டிலில் உட்கார்ந்தேன்.

"நீ பாத்துக்கினுதானண்ணா இருந்தன்னு கேட்டுச்சு ஆஸ்பத்திரில. ஆமான்னேன். அதுக்கப்புறம் இந்த வாசலுக்கு வந்ததில்ல, என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசினதில்ல." எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். "வா."

"எங்க?"

"என்கிட்ட சொன்னா பத்தாது. அதுங்கிட்ட சொல்லு."

வரியை எடுத்துவிடலாம் என்று கேப்டன் சொன்னதை நடக்கும்போது சொன்னேன். "எடுக்கக் கூடாது" என்றான் திரும்பாமல். "நான் கத்தினது இருக்கட்டும். ஏன் கத்தினேன்னும் இருக்கட்டும். ரெண்டு பேர் பேரும் போட்டு எழுது."

அந்தப் பெண் வாசலில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்தாள். "இவுரு ஒண்ணு சொல்லணுமாம். கேட்டுக்கம்மா. அப்பறம் நான் போயிடறேன்" என்றான் அவன்.

வளையமும் கட்டமும் அவளுக்கு எதற்கு? சுருக்கமாகச் சொன்னேன். பட்டாளத்தில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். இவன் பார்த்துக் கத்தினான். நான் தப்பை மறைத்துவிட்டேன். இவன் கண்தான் பொய் என்று எல்லாரும் சிரித்தார்கள், இவனும் நம்பிவிட்டான். அதனால்தான் மில்லில் இவன் வாய் திறந்தும் கத்தவில்லை.

அவள் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள். வலது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் துணியைப் பிடித்திருந்தன. நான் வேறெங்கும் பார்க்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க அன்னிக்கே ஒத்துக்கினு இருந்தா?" என்று கேட்டாள்.

"மில்லுல இவன் கத்தியிருப்பான்மா" என்றேன்.

அவள் தலையசைத்தாள். கணக்குப் புரிந்துவிட்டது போல் ஒரு அசைப்பு. பிறகு அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வெயில்ல நிக்காத. உள்ள வாண்ணா" என்றாள்.

அவனுக்குச் செருப்பைக் கழற்றவே நேரம் பிடித்தது. வார் கையில் சிக்கவில்லை. தோள்பட்டை குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. கழற்றிவிட்டு உள்ளே போனான்.

நான் தெருவிலேயே நின்று போனை எடுத்தேன். அந்த வரியை எடுக்க வேண்டாம், திருத்துங்கள் என்று கேப்டனுக்கு எழுதினேன். மூன்றாம் பீரங்கியின் குறி தவறியிருந்தது, அதைப் பார்த்துத்தான் அவன் கத்தினான், கத்திய பிறகு லேயர் விதியை மீறிக் குழாயைத் திருப்பினான், அந்த லேயர் நான். அவன் பெயர், என் பெயர், பாராட்டு அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன் என்று ஒரு வரி. எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. அழித்து அழித்து எழுதி அனுப்பினேன்.

நிமிர்ந்தபோது அவள் வாசலுக்கு வந்திருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று ஓரடி முன்னால் வைத்தேன். என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, இடது கையால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.